காலிக் கட்டம்

பால்கனியில் துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தால் மேஜைமேல் ஃபோன் கறுத்துக் கிடக்கிறது, நடுவில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும், அதன் கீழே 'நிறுவப்படுகிறது, அணைக்க வேண்டாம்' என்று பொடி எழுத்து, இவருடைய இடது சுட்டுவிரல் அதற்கு மேலே இன்னும் அப்படியே நிற்கிறது. என்னைப் பார்க்கிறார். "அதான்" என்கிறார். ஐயோ, நான்தானே கேட்டேன். கொடியில் கடைசி வேட்டியைப் போட்டுக்கொண்டே, "ஏனுங்க, வெந்நி வெச்சிருக்குதுங்க, இன்னைக்குத் தலைக்கு ஊத்திக்கலாமுங்களா"ன்னு அங்கிருந்தே கத்தினேன், ஃபோனிலிருந்து 'சரி' வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை, தலைக்கு ஊற்றுவதென்றால் இவருக்கு எப்போதும் கொஞ்சம் முறுக்குத்தான், அதனால் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். முறுக்கு இல்லை. சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன நேரம் பார்த்து அந்தப் பெட்டி வந்து நின்றிருக்கிறது, பொங்கலிலிருந்து தினமும் காலையில் வருகிற பெட்டி, 'புதிய பதிப்பு தயார்' என்று, இடது ஓரத்தில் 'பிறகு', வலது ஓரத்தில் 'சரி'. இவர் தொட்டால் பேசுகிற எங்கள் போர்டிலும் கீழே வலது ஓரம்தான் 'சரி'. இவர் எனக்குச் சொன்ன சரியை அது தனக்கென்று எடுத்துக்கொண்டுவிட்டது. தினமும் காப்பி ஆற்றுகிறபோதே நான் 'பிறகு'வை அழுத்திவிட்டுத்தான் ஃபோனை இவர் முன்னால் வைப்பேன், இன்றைக்கும் அழுத்தினேனா இல்லையா, அழுத்தின மாதிரியும் இருக்கிறது, அது நேற்று அழுத்தினதாகவும் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து அந்த விரலை எடுத்து மடியில் வைத்தேன்.

கோடு நகர்கிறதா என்றே தெரியவில்லை. உற்றுப் பார்த்தால் நிற்கிறது, அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஒரு மயிரிழை கூடியிருக்கிறது. பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கி அணைத்துவிடலாமா, அணைக்க வேண்டாம் என்று போட்டிருக்கிறதே, அணைத்தால் உள்ளதும் போய்விட்டால். உள்ளது என்ன, ஒரு மஞ்சள் படம், வாய் திறந்த முகம், அதைத் தொட்டால் வரிசையாகக் கட்டங்கள். வாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த புதிதில், பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த ஷெரின் என்கிற பெண்தான் அதை ஃபோனில் போட்டுக் கொடுத்தாள். அதுவரைக்கும் இவரிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு வார்த்தை. அத்தனை வார்த்தையும் போய் இது மட்டும் ஏன் தங்கியது என்று ஷெரினுக்கும் சொல்லத் தெரியவில்லை, சில பேருக்குத் திட்டுகிற வார்த்தை தங்கும், சில பேருக்குச் சாமி பேர் தங்கும், இவருக்கு 'அதான்'. பசித்தாலும் அதான், வலித்தாலும் அதான், என்மேல் கோபம் வந்தாலும் அதான். சுகந்தி, எங்கள் மகள், பெங்களூரிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "அப்பா முன்னாடியும் இதைத்தானேம்மா அதிகமாச் சொல்லும்" என்று சிரித்தாள், சிரித்துவிட்டுச் சமையலறையில் போய் நின்று அழுதாள். ஷெரின் கட்டங்களை ஏதோ ஓர் ஒழுங்கில்தான் வைத்துக் கொடுத்தாள், இவர் விடவில்லை, தலையாட்டித் தலையாட்டி ஒவ்வொன்றையும் இடம் மாற்ற வைத்தார். மேல் வரிசை வயிறு, அடுத்த வரிசை உடம்பு, அதற்கடுத்தது ஆட்கள், கடைசியில் ஆமா, இல்ல, வேண்டாம், சரி. சப்ஸ்டேஷனில் முப்பது வருஷத்துக்கு மேல் ஆபரேட்டராக இருந்தவர், பேனல் எப்படி இருக்க வேண்டும் என்று இவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். விளக்கு போனாலும் கை தானாகப் போகிற இடத்தில் ஸ்விட்ச் இருக்க வேண்டும் என்பார். ஒரு வாரத்தில் இந்தப் போர்டும் கைக்கு வந்துவிட்டது, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தொடுவார், ஃபோனைப் பார்க்க மாட்டார்.

குரல் என்னுடையது. அதுதான் வேடிக்கை. ஒவ்வொரு கட்டத்துக்கும் யாராவது பேசிக் கொடுக்க வேண்டும், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், ஷெரின் ஃபோனை என் வாய்க்கு நேரே பிடித்தாள், நான் கூச்சப்பட்டுக்கொண்டு 'காப்பி' என்றேன், அவள், "அம்மா, அவங்க கேக்கற மாதிரி கேளுங்க" என்றாள், இவர் கேட்கிற மாதிரி என்றால் கொஞ்சம் அதட்டலாக, 'காப்பி என்னாச்சு'. அப்படியே பேசிக் கொடுத்தேன். அதிலிருந்து என்னை நானே அதட்டிக்கொண்டிருக்கிறேன். என் பேர் வசந்தாமணி, இவருக்கு மணி. அதையும் நானே பேசினேன், 'மணீ, இங்க வா' என்று, கல்யாணமான புதிதில் இவர் கூப்பிட்ட இழுப்பு மாறாமல். அடுப்படியில் நிற்கிறபோது உள்ளே இருந்து என் குரல் என்னைக் கூப்பிடும், "வர்றேனுங்க" என்று நானே பதில் சொல்லிக்கொண்டு ஓடுவேன். எதிர்வீட்டு டீச்சர் ஒருநாள் கேட்டேவிட்டார்கள், "ஏங்க, நீங்க தனியா பேசிக்கறீங்களா"ன்னு. ஆமாங்க, பேசிக்கறேன், அதைவிடச் சண்டையும் போட்டுக்கறேன். மூன்றாவது வரிசையில் மணிக்குப் பக்கத்துக் கட்டம் மட்டும் காலி. அங்கே என்ன போடலாம் என்று ஷெரின் கேட்டபோது இவர் "அதான்" என்றார், நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம், அப்புறம் யோசித்துப் போடலாம் என்று விட்டது விட்டதுதான். சில சமயம் விரல் அங்கே போய்விடும். சத்தம் வராது. அழுத்தியபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். "தள்ளித் தொடறீங்க பாருங்க" என்று விரலைப் பிடித்து மணி மேல் வைப்பேன். கோடு இப்போது பாதிக்கு வந்துவிட்டது.

எறும்பு. எறும்பு என்ன ஆகும். போர்டு வருவதற்கு முன்னால் ஒருநாள், மத்தியானம் சோறூட்டிப் படுக்க வைத்துவிட்டு நானும் கீழே பாயைப் போட்டேன், "அதான்" என்றார், எழுந்து ஜன்னலைத் திறந்தேன், "அதான், அதான்", ஜன்னலைச் சாத்தினேன், தண்ணி கொடுத்தேன், தட்டிவிட்டார், ஃபேனைக் கூட்டினேன், குறைத்தேன், தலையணையை மாற்றினேன், கண்ணில் தண்ணீர் வருகிறது இவருக்கு, நெஞ்சு வலியா என்று நெஞ்சைத் தடவினால் கையைத் தள்ளுகிறார், "என்னதானுங்க வேணும்" என்று நானும் கத்திவிட்டேன், அப்புறம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார், கூப்பிடுவதையே விட்டுவிட்டார். சாயங்காலம் துடைத்துவிடத் திருப்பிப் படுக்க வைத்தபோது பார்த்தேன், முதுகு முழுக்கச் செவ்வெறும்பு, சட்டை மடிப்பில் கொத்தாக. அன்றைக்கு நான் அழுத அழுகை இவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட அழவில்லை. வலிக்குது என்பதற்குப் பக்கத்திலேயே 'எறும்பு கடிக்குது' என்று ஒரு கட்டம் அப்படித்தான் வந்தது, எதற்கு இது என்று ஷெரின் கேட்டாள், இருக்கட்டும் கண்ணு என்று சொன்னேன். அது வந்த பிறகு ஒரு எறும்பும் வரவில்லை, ஆனாலும் அந்தக் கட்டம் இருக்கிறது என்று தெரிந்துதான் எனக்குத் தூக்கம் வருகிறது. இப்போது அந்தக் கறுப்புக்குள்ளே யாரோ என்னென்னவோ கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், எறும்பைக் கழற்றுகிறார்களா என்று எனக்குத் தெரியாது. அடுப்பில் வெந்நி கொதிக்கிற சத்தம் கேட்கிறது, எழுந்து போய் நிறுத்த வேண்டும்.

சுகந்தியிடம் சொன்னால் என்ன சொல்வாள் என்பது எனக்கு மனப்பாடம், சொல்லத்தான் இப்போது ஃபோன் இல்லை. அவளுக்கு வேலையே இதுதான், பழைய பதிப்பில் இருக்கிறவர்களைப் புதியதுக்கு ஏற்றிவிடுகிற வேலை. "பழசுல ஓட்டை இருக்கும்மா, கண்டவன் உள்ள வர்ற ஓட்டை, அதை அடைச்சுத்தான் புதுசு குடுக்கறாங்க. நீ பிறகு பிறகுன்னு தள்ளிட்டே இருந்தா ஓட்டை அப்படியேதானே இருக்கும்?" அதில் பொய் ஒன்றும் இல்லை. எதிர்வீட்டு டீச்சர் ஃபோனில் எவனோ புகுந்து, அவர்கள் பேரில் ஊரெல்லாம் அவசரம் அவசரம் என்று செய்தி அனுப்பி, பாவம் அந்த அம்மா ஒருவாரம் வெளியே தலைகாட்டவில்லை. பேங்க் ஆப் போன மாதமே கதவைச் சாத்திவிட்டது, உங்கள் பதிப்பு பழையது என்று. எல்லாம் சரிதான், அப்ப அப்பாவோட போர்டு என்று ஒருநாள் கேட்டேன். "அந்தக் கம்பெனியே இப்ப இல்லம்மா. அதைப் புதுசுக்கு ஏத்தாப்பல மாத்தித் தர ஆள் இல்ல. புதுசு ஏறுச்சுன்னா அது ஓடாது." ஓடாதுன்னா? "ஓடாதும்மா." பொங்கலுக்கு வந்தபோதே வேறொரு போர்டு கொண்டுவந்தாள், நல்லதாகத்தான் இருந்தது, அதில் ஓர் ஆண்குரல், செய்தி வாசிக்கிற மாதிரி, 'எனக்குப் பசிக்கிறது'. இவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார், யாரோ வந்துவிட்டார்கள் என்று. இரண்டாம் தடவை தொடச் சொன்னாள், தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் அவள் அலுப்பில், "எத்தனை வருசத்துக்குத்தாம்மா பழசையும் சேத்துத் தாங்கறது, எல்லாத்துக்கும் ஒரு முடிவு தேதின்னு உண்டு" என்றாள், ஃபோனைப் பற்றித்தான் சொன்னாள், சொன்ன அடுத்த நொடி அப்பா முகத்தைப் பார்த்தாள். பழசையும் சேர்த்துத் தாங்குவது. பாத்திரம் கழுவுகிறபோதும் வருகிறது இந்த வார்த்தை, வாக்கியத்தில் எங்கேயும் போய் உட்காராமல் தனியாக வருகிறது. நல்ல பெண், கிளம்புகிறபோது அப்பா காலைப் பிடித்து நகம் வெட்டிவிட்டுத்தான் போனாள்.

இவர் மட்டும் வேலையில் இருந்தபோது இப்படி ஒரு காரியம் நடந்திருந்தால் விட்டிருப்பாரா. லைனில் ஏறி வேலை செய்கிற ஆள் முதலில் சப்ஸ்டேஷனில் எல்.சி. வாங்க வேண்டும், லைன் கிளியர். கொடுத்துவிட்டால் அந்த லைனில் கரண்ட் கிடையாது. வாங்கினவனே திரும்பி, 'ஆளெல்லாம் இறங்கியாச்சு' என்று ஒப்படைக்கிறவரைக்கும் ஸ்விட்சைத் தொடக்கூடாது. மற்றவர்கள் ஃபோனில் கேட்டுக்கொள்வதும் உண்டாம், இவருக்குப் போதாது, ஆள் எதிரே வந்து நிற்க வேண்டும். ஒரு மழைநாள் சாயங்காலம் நான் சோறு கொண்டுபோயிருந்தேன், மேலே இருந்து ஃபோன்மேல் ஃபோன், ஊரே இருட்டிக் கிடக்கிறது, மண்டபத்தில் கல்யாண வரவேற்பு, வேலை முடிஞ்சுதானே இருக்கும், போடய்யா என்று. "ஆறுச்சாமி இன்னும் வரலீங்க சார்" என்றார் இவர். அடுத்த ஃபோனுக்கும் அதுவேதான், குரல் ஒரு பிடி ஏறவில்லை. எல்.சி. வாங்கின ஆறுச்சாமி மழைக்கு ஒதுங்கி டீக்கடையில் உட்கார்ந்திருந்திருக்கிறான், சொட்டச் சொட்ட வந்து பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான், இவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, தோளில் கிடந்த துண்டை எடுத்து அவனிடம் கொடுத்துவிட்டு அப்புறம் போய் ஸ்விட்சைப் போட்டார், ஊர் வெளிச்சமானது. எங்கோ உட்கார்ந்து எல்லார் ஃபோனுக்கும் ஒரே சமயத்தில் ஸ்விட்சைப் போடுகிறவர்களுக்கு இந்த முனையில் கம்பத்தின்மேல் யார் இருக்கிறார்கள் என்று தெரியுமா? கேட்டார்கள்தான், தினமும் கேட்டார்கள், பிறகு என்றுதான் நானும் சொன்னேன், பிறகு என்றால் ஆள் இன்னும் இறங்கவில்லை என்று அர்த்தம், அதைப் புரிந்துகொள்ளாமல் மறுநாள் காலையில் அதையே திரும்பக் கேட்டால் என்ன கேள்வி அது. சம்மதம் சொல்கிறவரைக்கும் கேட்டுக்கொண்டே இருப்பதற்குப் பேர் கேட்பது இல்லை. சுகந்தியிடம் இதைச் சொல்ல வேண்டும், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

கோடு முடிந்துவிட்டது. முடிந்து, அணைந்து, நான் சாமியைக் கூப்பிட்டு, மறுபடி வெளிச்சம் வந்து, 'வணக்கம்' என்றது. வணக்கம் சொல்கிற நேரத்தைப் பார். 'புதிய அனுபவத்துக்குத் தயாராகுங்கள்' என்றது, 'தொடர்க', தொட்டேன், இன்னொரு 'தொடர்க', அதையும் தொட்டேன், படங்களெல்லாம் உருண்டையாகிவிட்டன, ஒன்றும் போட்ட இடத்தில் இல்லை, மஞ்சள் முகத்தைத் தேடித் தேடிக் கண்டுபிடித்தால் அது சாம்பல் நிறத்தில் இருக்கிறது. தொட்டேன். 'இந்தச் செயலி உங்கள் ஃபோனின் புதிய பதிப்பில் இயங்காது.' கீழே ஒரே ஒரு பொத்தான், 'சரி'. பக்கத்தில் 'பிறகு' என்று ஒன்று இல்லை. அதைத் தொடாமல் எவ்வளவு நேரம் வைத்துக்கொண்டிருந்தேனோ, உள்ளே என் குரல் எல்லாம் இருக்கிறது, காப்பியும் எறும்பும் மணியும், கதவுக்கு அந்தப் பக்கம் நானே நிற்கிற மாதிரி. இவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், இவரிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. "ஓடலீங்க" என்றேன். "அதான்" என்றார், மெதுவாக, எனக்குத் தெரியாத ஓர் அதான். அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டேன். இனிமேல் ஜன்னலைத் திறந்து, சாத்தி, தண்ணி கொடுத்து, தலையணை மாற்றி, மறுபடி முதலிலிருந்து.

இடது கையை நீட்டினார். ஃபோனைக் கேட்கிறார் என்று கொடுத்தேன். வாங்கி, குப்புறக் கவிழ்த்து ஓரமாக நகர்த்திவிட்டார். மறுபடி கையை நீட்டி என் இடது கையைப் பிடித்து இழுத்து மேஜைமேல் மல்லாக்க வைத்தார், விரல்களை ஒவ்வொன்றாக விரித்துவிட்டார், வேட்டி நீவுகிற மாதிரி உள்ளங்கையை ஒரு தடவை நீவினார், தேற்றுகிறார் என்று நினைத்தேன், எனக்கு இன்னும் அழுகை கூடியது. சுட்டுவிரலால் உள்ளங்கையின் கீழ் ஓரத்தில் அழுத்தினார். எடுக்கவில்லை. அழுத்தியபடியே என் முகத்தைப் பார்க்கிறார், முகத்தைக்கூட இல்லை, வாயை. எடுத்துவிட்டு மறுபடி அதே இடம், வலது மூலை, அதே அழுத்தல், அதே காத்திருப்பு. ஃபோனில் இப்படித்தான் அழுத்துவார், குரல் வந்து முடிகிறவரைக்கும் விரலை எடுக்க மாட்டார், போட்ட ஸ்விட்ச் பிடித்ததா என்று பார்த்துவிட்டுத்தான் கையை எடுக்கிற பழக்கம். கீழே வலது மூலை. "சரி" என்றேன், போர்டில் இருக்கிற அதே சரியை. விரலை எடுத்தார். தாடையால் குளியலறைப் பக்கம் காட்டினார். அட, அப்போது நான் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறார், தலைக்கு ஊற்றிக்கொள்ளச் சம்மதமாம்.

விரல் மேலே போகிறது, விரல்களின் அடியில் வயிற்று வரிசை, "காப்பி என்னாச்சு" என்றேன், தப்பில்லை, எடுத்தார். அதற்குக் கீழே, "எறும்பு கடிக்குது" என்றேன், எடுத்தார், எறும்பும் இருக்கிறது, என் கையிலேயே இருக்கிறது, இவருக்கு எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது, எந்தப் பதிப்பும் அங்கே ஏறவில்லை. என் குரலுக்கு ஃபோன் எதற்கு, நான்தான் இருக்கிறேனே என்று தோன்றியது, தோன்றின கையோடு பயமும் வந்தது, நான் அடுப்படியில் இருந்தால், பால்கனியில் இருந்தால், கடைக்குப் போயிருந்தால் எந்தக் கையை அழுத்துவார், இனி கூப்பிட இவருக்கு வழியில்லை, நான் பக்கத்தில் இருந்தால்தான் இவருக்குப் பேச்சு. சுகந்தியை வரச்சொல்லி, அவள் கொண்டுவந்ததில் அந்தச் செய்திக்காரர் குரலை எடுத்துவிட்டு என்னைப் போடச்சொல்ல வேண்டும், கட்டம் ஒன்றுகூட இடம் மாறக்கூடாது என்று சொல்ல வேண்டும், அவள் செய்வாள், பொறுமையாகச் செய்வாள். அதுவரைக்கும் இந்தக் கைதான். "மணீ, இங்க வா" என்றேன், விரல் மூன்றாவது வரிசைக்கு வந்திருந்தது. "இங்கதானே இருக்கறனுங்க" என்று பதிலும் சொன்னேன். சிரித்தார், வாய் ஒரு பக்கம் மட்டும் ஏறுகிற சிரிப்பு. அப்புறம் விரல் ஒரு கட்டம் நகர்ந்தது. உள்ளங்கைக் குழி. அங்கே ஒன்றும் கிடையாது, காலிக் கட்டம், தள்ளித் தொடுகிறார் என்று பழக்கதோஷத்தில் பிடித்து நகர்த்தப்போனேன், விரல் நகரவில்லை. தவறி வந்த விரல் இல்லை அது. இத்தனை நாளும் தவறி வந்ததில்லை. அழுத்தியபடியே என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியும், நாற்பது வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு தடவைகூடச் சொல்லிக்கொண்டதில்லை, எங்கள் வீடுகளில் யார் சொன்னார்கள், அந்த வார்த்தை என் வாயில் வராது, இவருக்கும் வராது. வெந்நி அடுப்பில் கொதித்துச் சுண்டிக்கொண்டிருக்கிறது. விரல் காத்திருக்கிறது.

"அதான்" என்றேன்.

விரலை எடுத்தார்.